யன்னலோரத்து அடுக்குமல்லிகை

காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தக் குரல் வரும். அது கூவிக் கூப்பிடுகிற குரல் அல்ல. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தனக்குத்தானே கதைத்துக்கொள்வதுபோல் இருக்கும்.

“என்னகா புள்ள, வேலையா? இண்டைக்கு ரெண்டு விரிஞ்சிரிக்கி. வந்து பாத்திட்டுப் போவன்.”

எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணம் முடிந்த கையோடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, வாப்பா சீதனமாகக் கட்டித் தந்த வீட்டுக்கு மாப்பிள்ளையோடு குடிவந்திருந்தேன். கல்முனையில் கடலுக்குக் கிட்டிய தெரு. வீடு புதிது, சமையல் புதிது, மனிசன் புதிது. சோறு குழைந்துவிட்டதா, கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும் வேளையில் ஒருவர் பூப் பார்க்கக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு வாரம் மரியாதைக்குப் போனேன். பிறகு, அகப்பையைச் சட்டியில் தட்டிச் சத்தம் எழுப்பி, காது கேட்காதவள்போல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஊரில் அவரைப் பூ மாமி என்பார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதாமல் விடுகிறேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. கணவர் வயல்காரர். கல்லோயா வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகு இரண்டு போகமும் செய்யத் தொடங்கிவிட்டதால், வருசத்தில் பாதிக்கு மேல் வயலில் போட்ட வாடிக் குடிலில்தான் இருப்பார். மூன்று கிழமைக்கு ஒரு தரம் மாட்டு வண்டியில் வந்து இறங்கி, இரண்டு நாள் தூங்கி எழுந்து, திரும்பவும் போய்விடுவார். அந்தப் பெரிய வளவுக்குள் மாமியும் அவருடைய பூக்களும் மட்டும்தான்.

எங்கள் தெரு மண் வெறும் கடல் மணல். வாளி வாளியாக ஊற்றினாலும் உறிஞ்சிவிட்டு, இன்னும் தா என்று கிடக்கும். அந்த மணலில் மாமி ரோசா வளர்த்தார். மீன் கழுவின தண்ணீர் ரோசாவுக்கு. அடுப்புச் சாம்பல் செவ்வரத்தைக்கு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்கிற தண்ணீர் வீணாகப் போகாமல், கிணற்றடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, காசித்தும்பைப் பாத்திக்கு விட்டிருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து தரம் காசித்தும்பை நனையும். “அதுவும் எங்களோட சேந்து அஞ்சு நேரம் உளூச் செய்யிது” என்று சொல்லிச் சிரிப்பார்.

மாரியில் வளவெல்லாம் தண்ணீர் நிற்கும். அதற்காக மண்ணெண்ணெய்த் தகரங்களில் ஓட்டை போட்டு, செடிகளை முன்கூட்டியே அவற்றுக்கு மாற்றி, சுவர் ஓரமாக அடுக்கி வைப்பார். தை பிறந்து மழை விட்டதும் திரும்ப நிலத்துக்கு இறக்குவார். பங்குனி, சித்திரையில் அடுக்குமல்லிகை. வைகாசி பிறந்ததும் மேற்கேயிருந்து கச்சான் காற்று வந்து எல்லாவற்றையும் வறட்டும். அப்போது பட்டிப்பூவும் அலரியும்தான் தாக்குப்பிடிக்கும். அந்த மாதங்களில் கூப்பிடக் காரணம் இல்லாமல் மாமி படும் பாடு பார்க்கச் சகிக்காது. “பட்டிப்பூதான். எண்டாலும் வந்து பாரு புள்ள, இண்டைக்குக் கொஞ்சம் நிறம் கூட” என்பார்.

மாமி பூவைச் சூடமாட்டார். கல்யாண வீட்டுக்காரர் கேட்டு வந்தால் தருவார், ஆனால் உடனே தரமாட்டார். தயிர் விற்க வருகிற பாண்டிருப்புப் பெண் ஒருத்தி, வெள்ளிக்கிழமையில் அம்மன் கோயிலுக்குச் செவ்வரத்தை கேட்பாள். “பறிக்கிறதெண்டாப் பறி. முதல்ல கொஞ்சம் நிண்டு பாரு” என்று மாமி சொல்லிவிடுவார். அந்தப் பெண் தலையில் தயிர்ப் பானையோடு, கழுத்தைத் திருப்பவும் முடியாமல், கண்ணை மட்டும் உருட்டிச் செடியைப் பார்ப்பாள். “வடிவுதான் உம்மா” என்பாள். மாமிக்கு அது போதும். கை நிறையப் பறித்துக் கொடுத்துவிடுவார்.

“பூப் பறிக்க ஆள் வரும் புள்ள. பாக்கத்தான் ஒருத்தரும் வாறதில்ல” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்வதுபோல் சொன்னார்.

தெருவில் கேலி செய்யாமல் விடுவார்களா? ஆள் கிடைக்காத நாளில் பூ மாமி ஆட்டைப் பிடித்து வைத்துப் பூக் காட்டுகிறாராம் என்று கதை கட்டினார்கள். அதில் பாதி உண்மை. வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வந்த ஆட்டைத் துரத்தாமல், “இஞ்ச பாரு, இதுக்குப் பேர் ரோசா” என்று மாமி சொன்னதை நானே என் காதால் கேட்டேன். ஆடு பார்த்தது, ஒரே கடியில் ரோசாவைத் தின்றது, போய்விட்டது. மாமி வேலிக்கு மேலால் என்னைப் பார்த்து, “இதுவாச்சும் கிட்ட வந்திச்சே” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சொல் எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

கணவரும் பார்க்கிறவர் அல்ல. ஒரு தரம் அவர் வயலிலிருந்து வந்த அன்று, மாமி அவருக்காகப் பறிக்காமல் காத்து வைத்திருந்த மஞ்சள் ரோசாவுக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இதில காய் வருமா?” என்று கேட்டாராம். மாமி இதைச் சொல்லி அடிக்கடி சிரிப்பார். ஆனாலும் அந்த மனிதர் வருகிற ஒவ்வொரு தரமும், கேட்காமலே, வண்டியில் ஒரு சாக்கு வயல் மண் ஏற்றிக்கொண்டு வருவார். அந்தக் கறுப்பு மண் இல்லாவிட்டால் கடல் மணலில் ஒரு புல்லும் முளைத்திராது. மாமிக்கு அது தெரியும். சாக்கைத் தானே பிரித்து, கட்டிகளைக் கையால் உடைத்து, நாள் முழுக்க அதோடு இருப்பார்.

நான் வந்த மூன்றாம் வருசம், சித்திரை முடிகிற சமயம், மாமியின் கணவரை அதே வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். வாடியில் காய்ச்சல். இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டார்.

மாமி இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளியாண்கள் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து, அலங்காரமோ வாசனையோ இல்லாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பின்வளவுக் கிணற்றடி வரைக்கும் போகலாம். முன்வளவு தெருவுக்குத் தெரியும், அங்கே போக முடியாது. பூக்கள் எல்லாம் முன்வளவில். மாமியின் அறை யன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுக்குமல்லிகை நின்றது. ஆனால் யன்னலுக்குத் துணி கட்டியிருந்தது. துணியை நீக்கிப் பார்க்கிற ஆள் இல்லை மாமி.

பிள்ளை இல்லாத வீடு என்பதால் சோறு கொண்டுபோவதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் தலையில் வந்தன. எனக்கும் அப்போது மடியில் ஏழு மாதப் பெண்பிள்ளை. துணைக்கு இருக்க, மௌத்தானவரின் மூத்த சகோதரி சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிசி. தம்பிக்காக ஓதி ஓதிக் கண் வீங்கிப்போய் இருந்தவர்.

அந்த வருசம் மல்லிகை வேண்டுமென்றே பூத்ததுபோல் பூத்தது. பொழுதுபடும்போது மொட்டு விரியத் தொடங்கும். மஃரிப் தொழுது முடிவதற்குள் அறை முழுக்க மணம். துக்கம் கேட்க வருகிற பெண்கள் மூக்கை உறிஞ்சி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பத்தாம் நாள் பகல் அந்தச் சகோதரி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“இத்தாவில இரிக்கிற பொம்புளைக்கு மணம் கூடாதெண்டு உனக்குத் தெரியும்தானே. அறைக்குள்ள போய்ப் பாரு, அத்தர்க் கடை மாதிரிக் கிடக்கு. அவட இத்தா என்னத்துக்காகும்?”

“யன்னலச் சாத்தினாப் போதாதா?” என்றேன்.

“இந்த வெக்கைக்குச் சாத்தினா ஆள் மூச்சுமுட்டிப் போயிரும். மரத்த வெட்டிப் போடு.”

“பள்ளி லெவ்வைட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பமே.”

“பள்ளியில போய் ஆம்புளையள்ட்டக் கேக்கிற விசயமா இது? என்ட தம்பி கபுறுக்குள்ள கிடக்கிறான் புள்ள. அவன்ட பொஞ்சாதிட இத்தா முறிஞ்சா யாரு பொறுப்பு?”

யார் பொறுப்பு என்று கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? மாமி ளுஹர் தொழுகைக்கு நின்ற நேரம் பார்த்து, விறகு கொத்துகிற கத்தியை எடுத்துக்கொண்டு முன்வளவுக்குப் போனேன். அடியோடு ஆறேழு வெட்டு. மரம் சாய்ந்தது.

மார்க்கத்துக்காக வெட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயத்தினால் வெட்டினேன் என்றும் சொல்லலாம். ஆனால் கத்தியை ஓங்கினபோது எனக்குள் ஒரு இலேசும் இருந்தது. இனிமேல் இந்த மரத்தைக் காட்டி என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற இலேசு. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

வெட்டின கொப்புகளை இழுத்துக்கொண்டுபோய் என் வளவின் மூலையில் போட்டேன். நாற்பது மொட்டாவது இருந்திருக்கும். மரம் செத்துவிட்டது அவற்றுக்குத் தெரியவில்லை. பொழுதுபட்டதும் ஒன்று விடாமல் விரிந்தன. என் வீடு முழுக்க மணத்தது. நான் போய் மணலைத் தோண்டிப் புதைத்தேன்.

அடுத்த நாள் சோறு வைத்தபோது மாமி கேட்டார். “மல்லிகை மணக்கல்லையே புள்ள?”

“கச்சான் வந்திட்டு மாமி. மொட்டெல்லாம் கொட்டிட்டு.”

கச்சான் வந்திருந்தது உண்மைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன்.

“ஓம், கச்சான் அப்பிடித்தான்” என்றார் மாமி.

நாற்பது நாள் கழிந்து சகோதரி தன் வீட்டுக்குப் போனார். மாமி தனியே அறைக்குள். ஒரு நாள், “இப்ப திரும்ப மொட்டு வச்சிரிக்குமே?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இருட்டறையில் வெள்ளைப் புடவையோடு இருந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

“வச்சிரிக்கி மாமி.”

“எத்தினை?”

“பதினொண்டு.”

“ஆ” என்றார் மாமி. அன்றைக்குச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார், நானும் ஒவ்வொரு நாளும் சொன்னேன். ஒன்பது, பதின்மூன்று, காற்றுக்கு ஏழு விழுந்துவிட்டது, ஒன்றில் எறும்பு, ஒன்று ஓரம் சிவந்து வாடுகிறது. நாள் போகப் போக நான் நன்றாகவே பொய் சொன்னேன். அதற்கு முன் அந்தப் பூக்களை ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்திராதவள், இல்லாத பூக்களை இதழ் இதழாகப் பார்க்கத் தொடங்கினேன். ஒரே ஒரு தரம்தான் மாமி, “பிறகேன் மணமில்ல?” என்று கேட்டார். “கச்சான் மணத்த அள்ளிக் கடலுக்குக் கொண்டுபோகுது மாமி” என்றேன். பிறகு மணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை என்று மட்டும் கேட்பார்.

இந்த விசயத்தை என் மாப்பிள்ளையிடம் மூன்றாம் மாதம்தான் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனவர் லெவ்வையிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

“மணத்தப் பூசிறதும் பூவச் சூடுறதும்தானாம் கூடாது. வளவில நிக்கிற மரம் பூக்கிறதுக்கு மனிசி என்ன செய்யிற, அத ஏன் வெட்டினீங்க எண்டு லெவ்வை கேக்கிறாரு.”

நான் பரிமாறிக்கொண்டிருந்த அகப்பையைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

“போய் மாமிட்டச் சொல்லிரு” என்றார் அவர்.

சொல்லவில்லை. சொன்னால் அறைக்குள் இருக்கிறவருக்குக் கேட்பதற்கு அந்த ஒரு கேள்வியும் இல்லாமல் போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். சொல்வதற்குப் பதிலாக, காலையிலும் பின்னேரமும் இரண்டு வாளி தண்ணீர் அந்த அடிக்கட்டைக்கு ஊற்றினேன். எங்கள் வீட்டு மீன் கழுவின தண்ணீரையும் கொண்டுபோய் ஊற்றினேன்.

ஆவணி கழிந்து இத்தா முடிந்தது. சகோதரி வந்து, முழுகவார்த்து, ஓதி, மாமியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். மாமி நேராக முன்வளவுக்குத்தான் போனார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஒரு சாண் உயர அடிக்கட்டை. அதன் பக்கத்தில் இரண்டு சின்னத் துளிர்.

“கச்சானுக்குப் பட்டுப்போயிட்டு போல” என்றார் சகோதரி, யாரையும் பார்க்காமல்.

மாமி வெட்டின இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நேத்துப் பதினெட்டெண்டு சொன்னாய்” என்றார்.

அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். கோபம் இல்லை. சகோதரி போன பிறகு, பின்னேரம், நான் அழுதுகொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி என் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியும் புள்ள. வெட்டுற சத்தம் கேட்டிச்சு. தொழுதுகொண்டு நிண்டன்.”

“அப்ப ஏன் மாமி ஒவ்வொரு நாளும் கேட்டீங்க?”

மாமி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீ வந்து நிண்டு சொன்னாய்தானே” என்றார். “அது நல்லா இருந்திச்சு.”

அதற்குப் பிறகு மாமி என்னோடு கதைக்காமல் விட்டார் என்று நினைக்க வேண்டாம். கதைத்தார். என் பிள்ளையைக் குளிப்பாட்டினார், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஐப்பசியில் தகரங்களுக்கு மாற்றினார், தையில் இறக்கினார். வயல் மண் கொண்டுவர ஆள் இல்லாததால் ரோசா இரண்டு பட்டுப்போயின. எல்லா வேலையும் செய்தார். செய்து முடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். செடிக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டார். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் அடுப்பு மூட்டும்போது அகப்பையைத் தட்டாமல், ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன்.

மாரி மழை அந்த அடிக்கட்டைக்கு என்ன செய்ததோ, பங்குனியில் அது பழைய மரத்தைவிடப் பெரிதாகப் பரந்து நின்றது. ஒரு பின்னேரம் என் குசினிக்குள் மணம் வந்தது. நான் வேலியோரம் போய் நின்றேன். இப்போது கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

மாமி உள்ளே, கதவுக்குக் கிட்ட உட்கார்ந்து, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் மரத்தடியில் நின்று, கொப்புக் கொப்பாக விரல் வைத்து எண்ணினேன்.

“மாமி, முப்பத்தேழு விரிஞ்சிரிக்கி.”

“ஆ” என்றார்.

“மெய்யாத்தான் மாமி. முப்பத்தேழு. வந்து பாருங்களன்.”

“ஓம் புள்ள, இரிக்கும்” என்றார் மாமி. இருட்டறைக்குள் இருந்து என்னுடைய பதினொன்றையும் பதினெட்டையும் கேட்டுக்கொண்ட அதே குரல். சுளகுச் சத்தம் நிற்கவில்லை. நான் முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணினேன். முப்பத்தேழுதான் இருந்தது.